குழந்தை வளர்க்க எந்த நாடு, எந்தப் பகுதி?

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக இது: கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு கைக்குழந்தை இருக்கிறது, இன்னொன்றும் வேண்டும் என்று நினைக்கிறார்கள், வேறு நாட்டுக்குப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. ஒரு தரவரிசையில் முதலில் நிற்கிற நாடு இன்னொன்றில் நடுவிலோ கடைசியிலோ கிடக்கிறது, எதை நம்புவது என்பதுதான் கேள்வி.

எதையும் அப்படியே நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பேன். பட்டியல்கள் பொய் சொல்வதில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான். யுனிசெஃப் 2021இல் வசதியான நாடுகளின் குழந்தைப் பராமரிப்பை ஒப்பிட்டு ஓர் அறிக்கை போட்டது. மொத்தத்தில் லக்சம்பர்க், ஐஸ்லாந்து, ஸ்வீடன் முன்னால் வந்தன. ஸ்லோவாக்கியா, அமெரிக்கா, சைப்ரஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா பின்னால் போயின. அதே அறிக்கையில் விடுப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் ஜப்பான் முதலிடம். ஏன் என்றால் அங்கே அப்பாவுக்கும் சட்டப்படி கிட்டத்தட்ட ஒரு வருடம் விடுப்பு உண்டு. ஆனால் 2019இல் அந்த விடுப்பை எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் கூட இல்லை. (2024இல் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பலர் எடுப்பது சில வாரங்கள்தான்.) சட்டப் புத்தகத்தை அளந்தால் ஒரு வரிசை வரும், வீட்டுக்குள் நடப்பதை அளந்தால் வேறு வரிசை வரும்.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு எந்த நாளில் முடிகிறது, கட்டுப்படியாகும் கட்டணத்தில் குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்தில் உறுதியாக இடம் எந்த நாளில் கிடைக்கிறது? இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம்? அந்த மாதங்களை யாராவது நிரப்பியாக வேண்டும். பெரும்பாலும் அம்மா வேலையை விடுவார், இல்லாவிட்டால் பாட்டி வந்து தங்குவார், அதுவும் இல்லாவிட்டால் ஒரு சம்பளம் முழுக்க தனியார் டே கேருக்குப் போகும். இந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுவதைவிட, பல இடங்களில் ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம், நகராட்சிக்கு நகராட்சி அதிகமாக மாறுகிறது. அதனால் "எந்த நாடு" என்று கேட்பதே பாதிக் கேள்விதான்.

ஸ்வீடனில் இருந்து தொடங்குகிறேன், எல்லாரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஒரு குழந்தைக்கு 480 நாள் விடுப்பு, அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் சுமார் 80 சதவீதம் (ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு), மீதி 90 நாளுக்கு ஒரு சின்னத் தொகை. இரண்டு பெற்றோருக்கும் ஆளுக்கு 90 நாள் ஒதுக்கப்பட்டது, அதை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் காப்பகத்துக்கு விண்ணப்பித்தால் நான்கு மாதத்துக்குள் நகராட்சி இடம் தர வேண்டும். கட்டணத்துக்கு 2002 முதல் உச்சவரம்பு: முதல் குழந்தைக்கு வருமானத்தில் 3 சதவீதம், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. அதற்கும் ஒரு மாதாந்திர உச்சம் இருக்கிறது, சுமார் 1,700 க்ரோனர், எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு குழந்தைக்கு அதற்கு மேல் போகாது. விடுப்பு முடிவதற்கு முன்பே காப்பகம் தொடங்கிவிடுகிறது, அதாவது இடைவெளி பூஜ்யம். மற்ற பல நாடுகள் விடுப்பை ஒரு அமைச்சகமும் காப்பகத்தை இன்னொரு அமைச்சகமும் தனித்தனியாக யோசித்துச் செய்தவை, ஸ்வீடன் இரண்டையும் பொருத்திப் பார்த்துச் செய்தது, அதன் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரே மாதிரியான வாழ்க்கையை மனதில் வைத்து நெய்யப்பட்டது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டிய அம்மாவுக்கு ஸ்வீடனில் கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் காப்பகத்தில் விடும் வழக்கமே அங்கே இல்லை. பிரான்ஸ் இதற்கு நேர் எதிர். அங்கே பேறுகால விடுப்பு 16 வாரம், பிரசவத்துக்குப் பின் வருவது 10 வாரம்தான், மூன்று மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விடுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மூன்று வயது ஆனதும் எல்லாக் குழந்தைக்கும் இலவசப் பொதுப் பள்ளி, 2019 முதல் அது கட்டாயம். சிக்கல் பத்து வாரத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில்தான். கூட்டுக் காப்பகங்களில் இடம் எல்லாருக்கும் போதாது, அதனால் உரிமம் பெற்று வீட்டிலேயே ஒரு சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களை நம்பித்தான் நாடு ஓடுகிறது. பாரிஸில் காப்பகம் அதிகம், மேற்குப் பகுதியில் பிரித்தானி பக்கம் போனால் வீட்டுப் பராமரிப்பாளர்கள்தான் அதிகம். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப நினைக்கிறவருக்கு பிரான்ஸ், ஒரு வருடம் வீட்டில் இருக்க நினைக்கிறவருக்கு ஸ்வீடன் என்று முரட்டுத்தனமாகப் பிரித்துவிடலாம்.

நார்வே, ஐஸ்லாந்து இரண்டும் ஸ்வீடனின் தம்பிகள் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். நார்வேயில் ஒரு வயது ஆன குழந்தைக்கு 2009 முதல் இட உரிமை இருக்கிறது, ஆனால் அது பிறந்த மாதத்தோடு கட்டப்பட்டது. நவம்பர் இறுதிக்குள் ஒரு வயது முடிக்கும் குழந்தைக்கு அந்த ஆண்டே இடம் உறுதி. டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருக்கலாம். சில வார வித்தியாசத்துக்கு எட்டு மாதம்! அதே நார்வேயில் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க், வட ட்ரோம்ஸ் பகுதிகளில் 2023 ஆகஸ்ட் முதல் காப்பகம் முழுக்க இலவசம், ஏனென்றால் அங்கிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களைத் தக்கவைக்க வேண்டும். ஐஸ்லாந்தில் விடுப்பு 12 மாதம், அம்மாவுக்கு ஆறு, அப்பாவுக்கு ஆறு, அதில் ஆறு வாரம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்பாக்களை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அந்த நாட்டுக்கு நிகர் குறைவு. ஆனால் அதன் பிறகு காப்பகத்தில் இடம் என்பது சட்டப்படி உரிமை இல்லை, நகராட்சியைப் பொறுத்தது, ஒன்றரை வயது தாண்டியும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தரவரிசையில் இரண்டாவது இடத்தில் இருக்கும் நாட்டில் இப்படி.

ஜெர்மனி இன்னும் சுவாரசியம், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2007இல் ஸ்வீடனைப் பார்த்து வருமானத்தோடு இணைந்த பெற்றோர் உதவித்தொகையைக் கொண்டுவந்தார்கள்: நிகரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, குறைந்தது 300 யூரோ, அதிகபட்சம் 1,800 யூரோ, 12 மாதம், இரண்டு பேரும் விடுப்பு எடுத்தால் 14 மாதம். (அந்த 1,800 உச்சவரம்பு அப்படியே உறைந்துபோய் நின்றது, விலைவாசி மட்டும் ஏறியது.) 2013 ஆகஸ்டில் ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் சட்ட உரிமை ஆனது. காகிதத்தில் பார்த்தால் ஸ்வீடன் மாதிரியே இடைவெளி பூஜ்யம். நடப்பில்? கிழக்கு ஜெர்மனியில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேல் காப்பகத்தில் இருக்கிறார்கள், மேற்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் மேற்கில் லட்சக்கணக்கான இடங்கள் பற்றாக்குறை. இது பழைய கதையின் தொடர்ச்சி. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கிழக்கே பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், கைக்குழந்தைக் காப்பகங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. மேற்கில் அம்மா மதியம் வீட்டில் சமைத்துக்கொண்டு இருப்பார் என்ற நினைப்பில் பள்ளிக்கூடமே மதியத்தோடு முடிந்தது. 1990இல் நாடு ஒன்றானது, கட்டடங்களும் பழக்கங்களும் அவ்வளவு சீக்கிரம் ஒன்றாகவில்லை.

அதற்காக கிழக்குதான் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. மேற்கில் கைக்குழந்தைப் பிரிவில் ஒரு பணியாளருக்கு மூன்று நான்கு குழந்தைகள் என்றால், கிழக்கில் ஐந்து அளவில். இடம் கிடைக்கும், கூட்டம் அதிகம். கட்டணத்தைப் பார்த்தால் இன்னும் குழப்பம்: பெர்லினில் 2018 முதலும், மெக்லன்பர்க்-ஃபோர்போமர்னில் 2020 முதலும் பெற்றோர் கட்டணம் இல்லை, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவிலோ பள்ளிக்கு முந்தைய கடைசி இரண்டு ஆண்டுகள் தவிர மற்றவற்றுக்கு ஒவ்வொரு நகராட்சியும் தன் விருப்பப்படி கட்டண அட்டவணை போடுகிறது. ஒரே சம்பளம், ஒரே மாநிலம், பக்கத்து ஊருக்கு வீடு மாறினால் மாதம் நூற்றுக்கணக்கான யூரோ வித்தியாசம் வரலாம். இடம் தராத நகராட்சியை என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்கிறது: காப்பக இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத லைப்ஸிக் நகரத் தாய்மார் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள், இழந்த சம்பளத்தை நகராட்சியிடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று 2016இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமை என்று எழுதினால் அதன் பின்னால் இப்படி ஏதாவது பல் இருக்க வேண்டும். பல நாட்டுச் சட்டங்களில் அது கிடையாது.

இத்தாலியைப் பார்த்தால் இந்தப் பகுதி வேறுபாடு எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பது புரியும். எமிலியா-ரொமாஞ்ஞாவில் (உலகமே வந்து பார்க்கும் ரெட்ஜோ எமிலியா நகராட்சிக் காப்பகங்கள் இருக்கும் பகுதி) மூன்று வயதுக்குக் கீழ் உள்ள 100 குழந்தைகளுக்குச் சுமார் 40 இடங்கள். தெற்கே கம்பானியா, கலாப்ரியாவில் 10 முதல் 15 வரை என்ற அளவில்தான் நீண்ட காலம் இருந்தது. வடக்கு பணக்காரப் பகுதி, அதனால்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் பணம் பிரிக்கும் சூத்திரமும் சேர்ந்து விளையாடியது. நகராட்சிகளுக்கு எவ்வளவு நிதி தேவை என்பதை, ஏற்கெனவே எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டார்கள். காப்பகமே இல்லாத தெற்கு நகராட்சிக்கு "தேவை: பூஜ்யம்" என்று வந்தது! காப்பகம் இல்லாததால் செலவு இல்லை, செலவு இல்லாததால் தேவை இல்லை, தேவை இல்லாததால் நிதி இல்லை. பிறகு விழித்துக்கொண்டு, ஒவ்வொரு நகராட்சியும் 2027க்குள் 33 சதவீதக் குழந்தைகளுக்கு இடம் தர வேண்டும் என்று விதி வகுத்தார்கள். கட்டடம் கட்ட ஐரோப்பிய நிதி வந்தபோதும் தெற்கின் சிறிய ஊர்கள் பல தயங்கின. கட்டி முடித்தபின் ஆண்டுதோறும் சம்பளம் கொடுப்பது யார் என்ற கவலை. கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும், ஆசிரியருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

கனடாவில் இதற்கு நல்லதொரு இயற்கைச் சோதனையே நடந்தது. 1997இல் க்யூபெக் மாகாணம் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று காப்பகக் கட்டணம் வைத்தது. மற்ற மாகாணங்கள் அப்படிச் செய்யவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து டொரொன்டோவில் கைக்குழந்தைக்கு மாதம் 1,700 டாலருக்கு மேல் ஆனபோது மொன்ட்ரியாலில் 200 டாலருக்குக் கீழே இருந்தது. ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், ஐந்தாறு மணி நேரக் கார் பயணம். சிறு குழந்தை உள்ள தாய்மார் வேலைக்குப் போவது க்யூபெக்கில் கணிசமாகக் கூடியது, அதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. சண்டை குழந்தைகளைப் பற்றி. பேக்கர், க்ரூபர், மில்லிகன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். இதை எடுத்துக்கொண்டு "பார்த்தாயா, குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் கெட்டுப்போகும்" என்று பேசுகிறவர்கள் நிறைய. நான் அப்படிப் படிக்கவில்லை. திட்டம் பயிற்சி பெற்ற ஆட்களைவிட வேகமாக ஓடியது. லாப நோக்கமில்லாத மையங்களின் தரம் ஒன்று, அவசரமாகப் பெருகிய தனியார் மையங்களின் தரம் இன்னொன்று, அதுவும் வசதியுள்ள குடும்பங்கள் நல்ல மையங்களின் வரிசையில் முன்னால் போய் நின்றுகொண்டன. மலிவான காப்பகம் என்பதும் நல்ல காப்பகம் என்பதும் வேறு வேறு கேள்வி, ஒன்றுக்குப் பதில் கிடைத்ததும் இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. எப்படியோ, 2021இல் கனடா மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு நாளைக்குச் சராசரி 10 டாலர் என்ற இலக்கை அறிவித்து ஐந்தாண்டுக்கு 30 பில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. இப்போது மற்ற மாகாணங்களிலும் விலை இறங்கியிருக்கிறது, காத்திருப்புப் பட்டியல் நீண்டிருக்கிறது.

அமெரிக்கா பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 1993 சட்டப்படி 12 வாரம் விடுப்பு, சம்பளம் கிடையாது, அதுவும் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால்தான். கலிஃபோர்னியா 2004 முதல் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது, நியூ ஜெர்சி 2009, நியூயார்க் 2018, இன்னும் சில மாநிலங்கள். தெற்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றும் இல்லை. ஓக்லஹோமா போன்ற பழமைவாதிகள் ஓங்கிய மாநிலம் 1998லேயே நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் இலவச முன்பள்ளி கொடுத்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், அரசியல் நிறத்தை வைத்து ஊகித்தால் தப்பாகப் போகும். அங்கே போகிறவர் மாநிலத்தையும் வேலை தரும் நிறுவனத்தையும்தான் பார்க்க வேண்டும், நாட்டைப் பார்த்துப் பயனில்லை.

கையில் காசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. 2021இல் ஆறு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர் என்று வரிச்சலுகையைக் கூட்டி, வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் போய்ச் சேரும்படி செய்தார்கள், பாதியை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டார்கள். குழந்தை வறுமை விகிதம் அந்த ஆண்டு 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு நிறுத்தினார்கள், 12.4க்கு ஏறியது. ஏழைக் குடும்பத்துக்குக் காசு மாதிரி வேகமாக வேலை செய்யும் மருந்து இல்லை. பிரிட்டனுக்குள்ளேயும் இந்த வேறுபாடு தெரியும்: ஸ்காட்லாந்து 2021 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தனியாக வாராந்திரத் தொகை தருகிறது, 2022 நவம்பரில் அது வாரம் 25 பவுண்டு ஆனது, இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் அதே காசை, வறுமையைக் குறைக்க இல்லாமல் பிறப்பைக் கூட்ட என்று கொடுத்தால் கதை வேறு. தென்கொரியாவில் ஹேனாம் என்ற மாவட்டம் 2012 வாக்கில் பெரிய பிரசவ ஊக்கத்தொகை கொடுத்து பல ஆண்டுகள் நாட்டிலேயே அதிகப் பிறப்பு விகிதம் உள்ள பகுதியாக இருந்தது. தொகையை வாங்கிய குடும்பங்களில் பல பிறகு ஊரைவிட்டுப் போய்விட்டன. பள்ளி, மருத்துவமனை, வேலை எல்லாம் வேறு ஊரில் இருந்தால் என்ன செய்வார்கள். அந்த நாட்டில் 2013 முதல் ஐந்து வயது வரை காப்பகச் செலவை அரசு ஏற்கிறது, 2024 முதல் பிறந்த முதல் ஆண்டில் மாதம் பத்து லட்சம் வொன் கையில் கொடுக்கிறார்கள். பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்ற கணக்கு) 2023இல் 0.72, சியோல் நகரத்தில் 0.55. நீண்ட வேலை நேரம், வீட்டு விலை, தனிப்பயிற்சிச் செலவு இதையெல்லாம் எந்த உதவித்தொகையும் தொடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறப்பு விகிதத்தை வைத்து ஒரு பகுதியின் ஆதரவை அளக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஸ்வீடனில் 2024இல் பிறப்பு விகிதம் 1.43, 1749இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. அதனால் ஸ்வீடனில் குழந்தை வளர்ப்பது கடினமாகிவிட்டதா? இல்லையே. நாடு எத்தனை குழந்தை பெற்றது என்பது அரசாங்கத்தின் கவலை, பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரின் நிலைமை வேறு.

ஜப்பானில் நகராட்சிகள் இளம் குடும்பங்களுக்காக ஒன்றோடொன்று போட்டி போடுவது அப்பட்டமாகத் தெரியும். ஆகாஷி நகரம் ஒரு மேயரின் பன்னிரண்டு ஆண்டுகால ஆட்சியில் (2011–2023) 18 வயது வரை மருத்துவம், இரண்டாவது குழந்தை முதல் காப்பகம், நடுநிலைப் பள்ளி மதிய உணவு எல்லாவற்றையும் இலவசமாக்கியது. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டயப்பரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. டயப்பர் ஒரு சாக்கு, கொண்டுவருகிறவர் குழந்தை வளர்ப்பில் அனுபவம் உள்ளவர், அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போவார். இதைவிடப் புத்திசாலித்தனமான திட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. நாகரேயாமா நகரம் வேறு ஒரு முடிச்சை அவிழ்த்தது: டோக்கியோவுக்கு ரயிலில் வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தையை ரயில் நிலையத்திலேயே விட்டுவிடலாம், அங்கிருந்து பேருந்து ஒவ்வொரு காப்பகத்துக்கும் கூட்டிப்போகும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து நிலையத்தில் விடும். காப்பகம் இருந்தும் அது ரயில் பாதைக்கு எதிர்த் திசையில் இருந்தால் காலையில் நாற்பது நிமிடம் போய்விடும், அதை எந்தத் தரவரிசையும் அளப்பதில்லை. ஒகாயாமாவில் இருக்கும் நாகி என்ற ஆறாயிரம் பேர் ஊரில் 2019இல் பிறப்பு விகிதம் 2.95 என்று வந்து பிரதமரே போய்ப் பார்த்தார். அவ்வளவு சின்ன ஊரில் பத்துக் குழந்தை கூடினாலே எண் தாவும், ஆனால் அம்மாக்களுக்கு ஓரிரு மணி நேர வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது. இந்தப் போட்டியின் கெட்ட பக்கம், ஆகாஷிக்கு வந்த குடும்பம் பக்கத்து ஊரிலிருந்து போன குடும்பம். நிதி உள்ள நகராட்சி ஜெயிக்கும். டோக்கியோ 18 வயது வரை குழந்தைக்கு மாதம் 5,000 யென் தருகிறது, 2025 செப்டம்பர் முதல் முதல் குழந்தைக்கும் காப்பகம் இலவசம், எல்லையைத் தாண்டிய அடுத்த மாகாணத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

விடுப்புக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள், இதை யாரும் கேட்பதில்லை. சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசிடமிருந்தோ வந்தால் முதலாளிக்குப் பெண்ணை வேலைக்கு எடுப்பதில் தயக்கம் குறையும். இந்தியா 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது, எண்ணிக்கையில் பல பணக்கார நாடுகளைவிட மேல், ஆனால் அந்த 26 வாரச் சம்பளம் பெரும்பாலும் முதலாளி தலையில்தான் விழுகிறது, அதனால் சிறிய நிறுவனங்கள் இளம் பெண்களை எடுக்கவே யோசிக்கின்றன. முறைசாரா வேலையில் இருக்கும் பெண்களுக்கோ அந்தச் சட்டம் எட்டுவதே இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்தச் செலவை முதலாளி மட்டும் சுமக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். போகும் நாட்டின் பெயரைவிட, வீடு பார்க்கப்போகும் நகராட்சியின் காப்பக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது அதிகப் பயன் தரும். உங்கள் குழந்தையின் பிறந்த மாதத்தைச் சொல்லி, எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், போன ஆண்டு அதே வயதில் விண்ணப்பித்தவர்களுக்கு எப்போது இடம் கிடைத்தது என்று கேளுங்கள். ஜப்பானில் ஏப்ரலில்தான் பெரும் சேர்க்கை, நவம்பரில் போய் நின்றால் பல இடங்களில் கதவு மூடியிருக்கும். மாலை எத்தனை மணிக்கு மூடுவார்கள், கோடையில் எத்தனை வாரம் மூடுவார்கள் என்பதையும் கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பது என்பதற்கு அந்த நாட்டில் விடை இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் காப்பகத்தில் சேர்த்த முதல் வருடம் குழந்தை பாதி நாள் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்: ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை உதவித்தொகையோடு விடுப்பு எடுக்கலாம், ஜெர்மனியில் 2024 முதல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு குழந்தைக்கு 15 நாள், ஜப்பானில் ஆண்டுக்கு ஐந்து நாள், அதுவும் சட்டப்படி சம்பளம் தரவேண்டியதில்லை.

ஆறு வயதுக்கு மேலே என்ன என்பதையும் இப்போதே பாருங்கள், எல்லாரும் கைக்குழந்தைப் பருவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காப்பகம் மாலை வரை இருந்தது, பள்ளி மதியம் முடிகிறது, அப்புறம்? ஜெர்மனியில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு முழுநாள் பராமரிப்பு என்ற உரிமையை 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள், நான்கு வகுப்புக்கும் வர 2029 ஆகும்.

கடைசியாக, புதிதாகப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். இந்தப் பெரிய எண்கள் எல்லாம் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கானவை. ஜெர்மனியில் உதவித்தொகையைப் பிரசவத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஐரோப்பாவுக்கு வெளியே சம்பாதித்தது அதில் சேராது, அதனால் போன கையோடு குழந்தை பெற்றால் 300 யூரோ பக்கம்தான் வரும். ஸ்வீடனில் பிரசவத்துக்கு முன் 240 நாள் அங்கே சம்பாதித்திருந்தால்தான் தொடக்கத்திலேயே சம்பளத்துக்கு ஏற்ற தொகை, இல்லாவிட்டால் முதல் 180 நாளுக்கு ஒரு நாளைக்கு 250 க்ரோனர். ஏற்கெனவே பிறந்த குழந்தையோடு போகிறவர்களுக்கு நாளும் குறையும்: ஒரு வயது தாண்டி அங்கே குடியேறும் குழந்தைக்கு 480க்குப் பதில் 200 நாள், இரண்டு வயது தாண்டினால் 100 நாள். உங்கள் முதல் குழந்தையைப் பொறுத்தவரை அங்கே கிடைக்கப்போகும் பெரிய நன்மை காப்பக இடம்தான். இரண்டாவது குழந்தையை ஓர் ஆண்டு தள்ளிப்போட முடிந்தால் விடுப்பும் முழுசாகக் கிடைக்கும்.